300 செல்கள் திசை அறியும் விதம்

தவளையின் முட்டையை நுண்ணோக்கியின் அடியில் வைத்து, அது பிளந்து கருவாவதைப் பல மணி நேரம் இடைவிடாமல் பார்க்கலாம். பாலூட்டிகளின் கருவோ, உடலின் வடிவம் உருவாகத் தொடங்குவதற்குச் சற்று முன்பே கருப்பையின் சுவருக்குள் புதைந்து கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. சுண்டெலியில் இது கருவுற்ற நாலரை நாளிலும் மனிதரில் ஏறத்தாழ ஒரு வாரத்திலும் நிகழ்கிறது. எது தலைப்பக்கம், எது வால்பக்கம், எந்தச் செல் தோலாகும், எது தசையாகும் என்பனவெல்லாம் முடிவாகும் கேஸ்ட்ருலேஷன் என்னும் கட்டம் இதற்குப் பிறகுதான், அதாவது சுண்டெலியில் ஆறரை நாள் அளவிலும் மனிதரில் இரண்டு வாரம் அளவிலும், தொடங்குகிறது. தாயின் உடலிலிருந்து கருவை வெளியே எடுத்தால் பெரும்பாலும் அந்த ஒரு கணத்தின் நிலை மட்டுமே கிடைக்கும். வளர்ச்சி எப்படி நகர்ந்தது என்பதை இத்தகைய தனித்தனிக் கணங்களைக் கோத்து ஊகிக்க வேண்டியிருந்தது.

ஸ்டெம் செல்களைக் கொண்டு கருவின் மாதிரிகளை உருவாக்கும் முயற்சி இந்த இடைவெளியில்தான் தோன்றியது. சுண்டெலிக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்க்க 1981ஆம் ஆண்டிலேயே வழி கண்டுவிட்டார்கள். மனிதக் கருவின் ஸ்டெம் செல்கள் 1998இல் கிடைத்தன. உடலின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய இச்செல்கள் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் தட்டில் படிந்த படலமாகவே வளர்க்கப்பட்டு வந்தன. அவற்றை உருண்டையாகத் திரள விட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, 2014இல் கேம்பிரிட்ஜில் அல்ஃபோன்சோ மார்ட்டினெஸ் அரியாஸின் குழு வெளியிட்ட ஆய்வு வியப்பூட்டும் விடையைத் தந்தது. அவர்கள் உருவாக்கிய திரளுக்குக் கேஸ்ட்ருலாய்டு என்று பெயர்.

செய்முறை எளியது. உருண்டையான அடிப்பகுதி கொண்ட சிறு குழிகள் 96 உள்ள தட்டை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் 40 மைக்ரோலிட்டர் வளர்ப்புத் திரவத்தில் ஏறத்தாழ 300 ஸ்டெம் செல்களை இடுகிறார்கள். செல்கள் குழியின் அடியில் கூடி, ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு நாளில் ஒரு சிறு பந்தாகின்றன. 48ஆம் மணி நேரத்தில், செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படும் விண்ட் எனப்படும் சமிக்ஞைப் பாதையை முடுக்கிவிடும் கைரான் என்ற வேதிப்பொருளை ஒரு நாள் மட்டும் சேர்த்துப் பிறகு நீக்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு செல்களுக்கு வெளியிலிருந்து எந்தக் கட்டளையும் கிடையாது.

கைரான் பந்தின் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே அளவில்தான் சென்று சேர்கிறது என்பதை இங்கே மனத்தில் இருத்த வேண்டும். கருவின் பின்பகுதிச் செல்களில் வேலை செய்யும் பிராக்கியூரி என்ற மரபணு செயல்படும் இடம் பச்சையாக ஒளிரும்படி செல்களை முன்பே மாற்றி அமைத்திருந்தால், முதலில் பந்தில் பரவலாகத் தெரியும் பச்சை, அடுத்த ஒரு நாளில் படிப்படியாக ஒதுங்கி ஒரே முனையில் குவிவதைக் காணலாம். அந்த முனை நீளத் தொடங்குகிறது. 120ஆம் மணி நேரத்தில் பந்து, முன்னும் பின்னும் தெளிவாக வேறுபட்ட நீண்ட உருவமாகிவிடுகிறது. உடலின் நெடுக்கில் எந்த இடம் எது என்பதைக் குறிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள்கூட அந்த நீளத்தில் உரிய வரிசையில் இயங்குவதை 2018இல் கண்டறிந்தார்கள்.

இது ஏன் முக்கியம்? உண்மையான சுண்டெலிக் கருவில், எதிர்காலத்தில் உடலாகும் செல்களைச் சுற்றி நஞ்சுக்கொடியும் கருவைச் சூழும் பையும் ஆகப்போகும் திசுக்கள் இருக்கின்றன. ஒரு பக்கத்துத் திசு விண்ட் சமிக்ஞையை அடக்கி, ‘தலை இங்கே’ என்று இடம் குறிக்கிறது. ஆகவே கருவுக்குத் திசையைக் கற்றுத் தருவதே இந்தச் சுற்றுத் திசுக்கள்தான் என்று எண்ணத் தோன்றும். கேஸ்ட்ருலாய்டில் அவை எதுவுமில்லை. ஆயினும் செல்கள் திசையை உருவாக்கிக்கொள்கின்றன. திசை பிரியும் திறன் செல்களுக்குள்ளேயே உண்டு என்பதும், சுற்றுத் திசுக்கள் அதை உரிய இடத்தில் தவறாமல் நிகழச் செய்கின்றன என்பதும் இதிலிருந்து தெரிகிறது. முழுக் கருவை மட்டும் ஆராய்ந்திருந்தால் இவ்விரண்டையும் பிரித்து அறிவது மிகக் கடினம். ஒரு மாதிரியில் எது இல்லையோ அதுவே சில வேளைகளில் அதன் பெரிய பலம் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

குறைகளும் உண்டு. வழக்கமான கேஸ்ட்ருலாய்டில் மூளையின் முன்பகுதி உருவாவதில்லை. அதையும் பெற விரும்பியவர்கள், சுற்றுத் திசுக்களுக்கு உரிய செல்களையும் சேர்த்துக் கட்டினார்கள். இவ்வழியில் 2022இல் இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் ஜேக்கப் ஹன்னாவின் குழுவும், கேம்பிரிட்ஜில் மக்தலேனா ஸெர்னிக்கா-கோட்ஸின் குழுவும், விந்தோ முட்டையோ இன்றி, துடிக்கும் இதயமும் மூளையின் மடிப்புகளும் கொண்ட சுண்டெலிக் கரு மாதிரிகளை உருவாக்கிக் காட்டின. அவை எட்டரை நாள் கருவின் நிலையை எட்டின. ஆனால் திரள்களில் மிகச் சிலவே அந்த நிலைக்கு வந்தன. பெரும்பாலானவை வழியிலேயே உருக்குலைந்தன. எத்தனை ஒத்த திரள்களை ஒரே நேரத்தில் பெற முடியும் என்பதே சோதனைக்கு உயிர்நாடி என்பதால், முழுமையான மாதிரியைவிட எளிய கேஸ்ட்ருலாய்டே பல கேள்விகளுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

மனிதச் செல்களில் இதே பணி கூடுதல் கவனத்தைக் கோருகிறது. கருப்பையில் பதிவதற்கு முந்தைய நிலையை ஒத்த மாதிரிகள் 2021இலும், பதிந்ததற்குப் பிந்தைய நிலையை ஒத்தவை 2023இலும் வெளிவந்தன. மனித மாதிரிகள் எவற்றையும் கருப்பைக்குள் வைக்கக் கூடாது என்பதில் ஸ்டெம் செல் ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் உறுதியாக உள்ளது. அறிவியல் அளவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: மாதிரி சரியா என்று ஒப்பிட உண்மையான கரு வேண்டும். கேஸ்ட்ருலேஷன் நடந்துகொண்டிருந்த ஒரு மனிதக் கருவின் செல்களில் இயங்கும் மரபணுக்களைச் செல் செல்லாகப் பதிவுசெய்த ஆய்வு 2021இல் வெளியானது. 16 முதல் 19 நாள் வரை வளர்ந்திருந்த அந்த ஒரே கருவிலிருந்து கிடைத்த சுமார் 1,200 செல்களோடுதான் பல மனித மாதிரிகள் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன.