குறுநிரலை எழுத்துரு ஆக்காதீர்கள்

பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறோம். போன வாரம் யாரோ மொழிபெயர்த்துத் தந்த தாளில் பைத்தான் என்ற கணினி மொழி ஓர் "எழுத்துரு மொழி" என்று இருந்தது. ஸ்கிரிப்டிங் லாங்குவேஜ் என்பதைத்தான் அப்படி ஆக்கியிருக்கிறார்கள். இதோடு மூன்றாவது முறை பார்க்கிறேன். ஒரு பையன் கேட்டான், "அண்ணா, இதுல தமிழ் ஃபான்ட் செய்யலாமா?" அவன் மேல் தப்பில்லை, எழுத்துரு என்றால் ஃபான்ட்தானே.

ஸ்கிரிப்ட் என்பது எழுதுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழ் லிபியும் ஸ்கிரிப்ட், நடிகர் கையில் இருக்கும் வசனப் பிரதியும் ஸ்கிரிப்ட். கணினிக்கு ஒத்து வருவது இரண்டாவதுதான்: எழுதி வைத்ததை வரிசையாகப் படித்து நடத்துவது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

கணினி ஸ்கிரிப்டைக் குறுநிரல், அதாவது சின்ன ப்ரோகிராம், என்று சொன்னால் என்ன குறை? நிரல் என்றாலே வரிசை. நிரல்நிறைப் பொருள்கோள் பள்ளியிலேயே படித்ததுதான். "ஆயிரம் வரி ஸ்கிரிப்டும் உண்டே, அது எப்படிக் குறு?" என்று ஆபீஸ் நண்பர் மடக்கினார். குறுநில மன்னன் என்றால் ஆள் குட்டை என்றா அர்த்தம்? அவர் சொன்ன மாற்று "படிவ மொழி". படிவம் என்றதும் எனக்கு ரேஷன் கார்டு விண்ணப்பம்தான் ஞாபகம் வருகிறது.

வேலையைப் பார்த்தாலே பெயர் விளங்கிவிடும். எங்களிடம் மூவாயிரம் வரி முகவரிக் கோப்பு ஒன்று உண்டு, காற்புள்ளியால் பிரித்தது. நான்காம் நெடுவரிசையில் எங்கள் பின்கோடு 560008 இருக்கும் வரிகள் மட்டும் வேண்டும் என்றால் ஆக் (awk) என்ற ஸ்கிரிப்ட் மொழியில் ஒரே வரி போதும். நிரலை முன்கூட்டித் தொகுத்து (கம்பைல் செய்து) வைக்க வேண்டாம், எழுதினோமா ஓட்டினோமா என்று முடிந்துவிடும். ஆக் 1977இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் செய்தது. பெயரே அவர்களுடைய முதலெழுத்துகள்தான். இதையும் தமிழாக்க யாராவது கிளம்பினால் நான் ஊரை விட்டே போய்விடுவேன்.

அதே தாளில் டெக்ஸ்ட் ஃபைல் "பாடக் கோப்பு" ஆகியிருக்கிறது. உரைக் கோப்பு என்ற நல்ல சொல் இருக்கும்போது பாடம் எங்கிருந்து வந்தது? பாடப் புத்தகத்தில் இருந்துதான், வேறெங்கிருந்து? சரி, நாற்பது ஜெராக்ஸ் எடுத்தாகிவிட்டது. இரண்டையும் ஒவ்வொரு பிரதியிலும் பேனாவால் அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.