செவ்ர் கோப்பையில் ஒரு பச்சை இலை

பிரான்சின் செவ்ர் பட்டறையில் செய்த பழைய பீங்கான் கோப்பை கையில் கிடைத்தால், அது அசலா என்று அறியப் பலரும் முதலில் அதைக் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பார்கள். பின்னிக்கொண்ட இரண்டு ‘எல்’ எழுத்துகள், நடுவே ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. அந்தக் குறியை யாரும் வரைந்துவிடலாம். எனாமலைப் பாருங்கள் என்பேன் நான்.

எனாமல் என்பது நிறமேற்றிய கண்ணாடித் தூள்தான். நீலத்துக்குக் கோபால்ட். ரோஜா நிறத்துக்குத் தங்கம்: கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தங்கத் துகள்கள் பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால் நமக்குச் சிவப்புச் சாயல் தெரிகிறது. தூளை எண்ணெயில் குழைத்து, பாத்திரத்தைப் போர்த்தியிருக்கும் பளபளப்பான கண்ணாடிப் பூச்சான மெருகின் மேல் வரைந்து, சுமார் 800 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள்.

வான்சேனில் 1740-இல் தொடங்கி 1756-இல் செவ்ருக்கு மாறிய இந்தப் பட்டறைக்கு ஆரம்பத்தில் கடினப் பீங்கானுக்கு வேண்டிய கயோலின் என்ற வெள்ளைக் களிமண் கிடைக்கவில்லை. கண்ணாடிக் கலவையை அரைத்துச் சேர்த்து மென்பீங்கான் செய்தார்கள். அதன் மெருகில் ஈயம் உண்டு. எனாமல் சுடும் சூட்டில் அந்த மெருகும் இளகிக்கொடுக்கும். நிறம் அதற்குள் அமிழ்ந்துவிடும். விரலால் தடவினால் பூவின் விளிம்பு தட்டுவதே அரிது. அந்த வழவழப்புக்காகவே மென்பீங்கானை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

1768 வாக்கில் லிமோஜ் பக்கத்தில் கயோலின் கிடைத்தது. அப்புறம் வந்த கடினப் பீங்கானின் மெருகு 1400 டிகிரி அளவில் உருகுவது, 800-க்கு அசையாது. அதனால் எனாமல் மேலேயே நிற்கும். வெளிச்சத்தில் சாய்த்தால் விளிம்பு தெரியும்.

சரி, அசலை அறிய விரல் போதுமா? போதாது. 1800-இல் பட்டறையின் பொறுப்பேற்ற புரோங்னியார் மென்பீங்கானைக் கைவிட்டு, மிஞ்சிய வெள்ளைப் பாத்திரங்களை விற்றுவிட்டார். வெளி ஓவியர்கள் அவற்றில் பழைய பாணியில் வரைந்தார்கள். பாத்திரம் அசல், ஓவியம் பிற்காலம். இங்கேயும் நிறம் அமிழ்ந்துதான் இருக்கும்.

இங்கே கைகொடுப்பது பச்சை. 18-ஆம் நூற்றாண்டுப் பச்சை செம்பிலிருந்து வந்தது. குரோமியம் என்ற உலோகத்தைப் பிரெஞ்சு வேதியியலாளர் வொக்லன் கண்டறிந்ததே 1797-இல்தான்; குரோமியப் பச்சை அதற்குப் பிந்தையது. இலையின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி உமிழும். துளியும் சுரண்ட வேண்டாம். 1765 என்று குறியிட்ட கோப்பையில், கருவி காட்டும் வரைபடத்தில் குரோமியத்துக்கு உரிய கோடு எழுந்தால், அந்த இலையாவது குறைந்தது 32 ஆண்டுகள் கழித்து வரையப்பட்டது.