இடுப்பளவு நீரில் ஒரு பாய்க்கப்பல்

வெள்ளிக்கிழமை மாலை, நெதர்லாந்தின் ஹார்லிங்கன் துறைமுகம். மகனின் இளைஞர் மன்றம் வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்திருந்த கப்பலில் துணைக்கு நானும் தொற்றிக்கொண்டேன். கண்ணில் முதலில் பட்டது, அதன் இரு விலாவிலும் யானைக் காது போலத் தொங்கிய பெரிய மரப்பலகைகள்.

கப்பலின் வகைப்பெயர் ட்யால்க். ஒரு காலத்தில் சரக்கு ஏற்றியது. இது ஓடும் வாடன் கடலில் நாளுக்கு இருமுறை நீர் வற்றிச் சேறு தலைகாட்டும். ஆழமான ஏரா, அதாவது அடியில் நீருக்குள் நீளும் முதுகெலும்பு, வைத்த கப்பல் சிக்கிக்கொள்ளும். எனவே ட்யால்குக்கு அடி தட்டை. சுமார் ஒரு மீட்டர் நீர் போதும்.

ஆனால் பக்கக் காற்று அடித்தால் தட்டை அடி, குளத்தில் விட்ட வாழைமட்டை மாதிரி காற்றோடு ஒதுங்கிவிடும். அதற்குத்தான் அந்தப் பலகை. ஈரப் புளியங்கொட்டையை இரு விரலால் நசுக்கிப் பாருங்கள், முன்னால் துள்ளும். இங்கே ஒரு விரல் பாயை அழுத்தும் காற்று. மறுவிரல், பலகையை எதிர்த்துத் தள்ளும் நீர். தப்பிக்கக் கப்பலுக்கு முன்பக்கம்தான் வழி. நம் கட்டுமரத்தில் பாய் விரித்தவர்களும் இதற்காகவே நீருக்குள் பலகை இறக்கினார்கள்.

இரண்டு பலகை எதற்கு? காற்று ஒதுக்கும் பக்கத்துப் பலகையை மட்டும் இறக்குவார்கள். நீர் அதைக் கப்பலின் உடம்போடு சேர்த்து அழுத்தும். மறுபக்கத்தில் இறக்கினால் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். காற்று பக்கம் மாறும்போதெல்லாம் ஒன்றைத் தூக்கி மற்றதை இறக்க வேண்டும். நான்கு பையன்கள் கயிற்றில் தொங்கினார்கள். பலகை அசைந்தேனா என்றது.

சனிக்கிழமை மதியம் அந்தப் பலகை 'டொக்' என்று இடித்து, தானே மேலெழும்பியது. மேல்முனையில் மட்டும் ஆணி என்பதால் தரை தட்டினால் உடையாமல் மடங்கும். "ஆழம் பார்க்க இதைவிட என்ன கருவி?" என்று சிரித்த கப்பல் தலைவர் பாயை இறக்கச் சொன்னார். வேண்டுமென்றேதான் தட்டவிட்டார். கடல்நீரின் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். நீர் பாதி வடிந்தபின் தட்டினால் ஆறு மணி நேரத்தில் மிதந்துவிடலாம். ஏற்றத்தின் உச்சத்தில் தட்டினால் வம்பு: அடுத்த ஏற்றம் அவ்வளவு உயரம் வராமல் போகலாம்.

பிள்ளைகள் ஏணி வைத்து இறங்கிக் கப்பலைச் சுற்றிச் சேற்றில் நடந்தார்கள். இருட்டியபின் படுக்கை லேசாக ஆடியது. நீர் வந்துவிட்டது.