சாபெராவி: சாயத் திராட்சையா, செஞ்சதைத் திராட்சையா?

ஜார்ஜிய நாட்டின் சாபெராவி திராட்சையைச் 'சாயத் திராட்சை' என்று ஒரு தமிழ் மொழிபெயர்ப்பில் எழுதியிருப்பதை மறுபடியும் பார்த்தேன். இந்தச் சொல் நிலைத்துவிடுவதற்குள் மறுத்துவிட வேண்டும்.

சாபெராவி என்பதன் வேர், நிறத்தைக் குறிக்கும் 'பெரி' என்ற ஜார்ஜியச் சொல். நிறம் தருவது என்று பொருள். சாயம் என்ற பொருளும் அதற்கு உண்டு. மொழிபெயர்ப்பாளர் அந்தப் பொருளோடு நின்றுவிட்டார்.

தமிழில் சாயம் என்பது துணிக்கும் தலைமுடிக்கும் வெளியிலிருந்து ஏற்றுவது. ஒருவரின் சாயம் வெளுத்துவிட்டது என்றால் பொய் அம்பலமாகிவிட்டது என்று பொருள். சாயத் திராட்சை என்று படிப்பவர் நிறம் கலந்த போலிப் பழம் என்றே எண்ணுவார். சாபெராவியோ இதற்கு நேர்மாறானது. கறுந்திராட்சை வகைகளில் பெரும்பாலானவற்றைத் தோலுரித்தால் உள்ளே வெளிறிய பச்சைச் சதைதான். சாற்றுக்கு நிறமே இருக்காது. பினோ நுவார் என்ற கறுந்திராட்சையிலிருந்து வெள்ளை ஷாம்பெயின் எடுக்க முடிவது இதனால்தான். சிவப்பு ஒயினின் நிறம், தோலிலுள்ள ஆந்தோசயனின் நிறமிகள் ஊறி இறங்குவதால் வருவது. சாபெராவியில் தோல் மட்டுமல்ல, சதையும் சிவந்திருக்கும். அந்த நிறத்தை யாரும் ஏற்றவில்லை.

இத்தகைய திராட்சைகளைப் பிரெஞ்சுக்காரர்கள் 'தெந்துரியே', அதாவது சாயக்காரர், என்கிறார்கள். அது தொழிலை வைத்து வந்த பெயர். வெளிறிய ஒயினுக்கு நிறம் கூட்ட இவற்றைக் கலந்தார்கள். அதற்காகவே 1824இல் லூயி பூஷே என்ற பிரெஞ்சுத் திராட்சை வளர்ப்பாளர் ஒரு கலப்பினத்தை உருவாக்கினார். சாபெராவி அப்படிக் கலப்பதற்கு மட்டுமான பழம் அல்ல. ஜார்ஜியாவின் காகெட்டி பகுதியில் அதிலிருந்து மட்டுமே முகுசானி என்ற இனிப்பற்ற ஒயினும், கிண்ட்ஸ்மராவுலி என்ற அரை இனிப்பு ஒயினும் எடுக்கிறார்கள். புளிப்பு மிகுந்திருப்பதால் பல ஆண்டுகள் கெடாமல் முதிரும். ஜார்ஜியர்கள் சிவப்பு ஒயினைக் 'கறுப்பு ஒயின்' என்றே சொல்வார்கள். கோப்பையில் சாபெராவியைப் பார்த்தால் ஏனென்று புரியும்.

'செந்திராட்சை' என்பாரும் உண்டு. அது தோல் சிவந்த எல்லாத் திராட்சைக்கும் பொருந்தும், வேறுபாடு மறைந்துவிடும். 'செஞ்சாற்றுத் திராட்சை' பரவாயில்லை. ஆனால் சிவப்பு ஒயின் தரும் பழத்தின் சாறெல்லாம் சிவப்புதான் என்று நினைப்பவருக்கு அது எதையும் உணர்த்தாது. செஞ்சதைத் திராட்சை என்றால் ஐயமே எழாது. வகைக்கு இதை வைத்துக்கொண்டு, சாபெராவி என்ற பெயரை அப்படியே விட்டுவிடலாம். பெயரை மொழிபெயர்க்க யாரும் கேட்கவில்லை.

திராட்சையே வடசொல், கொடிமுந்திரி என்க என்று தூய தமிழ் அன்பர்கள் சொல்வார்கள். நல்ல சொல்தான். ஆனால் முந்திரி என்றதும் இன்று எல்லாருக்கும் பருப்புதான் நினைவுக்கு வருகிறது. தெளிவைப் பலி கொடுத்துத் தூய்மை வேண்டாம்.

என்னால் பொறுக்கவே முடியாதது 'சாபெராவி ரசம்'. விவிலியத் தமிழில் திராட்சை ரசம் வேரூன்றிய வழக்கு. அங்கே அது இருக்கட்டும். புளிக்காத சாற்றின் நிறத்தையும் புளித்த ஒயினின் நிறத்தையும் பிரித்துப் பேசவேண்டிய இடத்தில் இரண்டையும் ரசம் என்று எழுதினால் வாசகர் எதைப் பிடித்துக்கொள்வார்? முதல் அகராதிப் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும் பழக்கம்தான் இதற்குக் காரணம்.

சாறு என்றால் சாறு. ஒயின் என்றால் ஒயின். தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் தேறல் இருக்கிறது. யவனர் கலத்தில் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு தண்கமழ் தேறல் என்றுதான் சொல்கிறது. தேறுதல் என்றால் தெளிதல். ஜார்ஜியர்கள் மண்ணில் புதைக்கும் க்வெவ்ரி என்ற பெரிய சுடுமண் கலத்தின் அடி கூம்பியிருக்கும். விதையும் கசடும் அங்கே போய்த் தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். சாபெராவித் தேறல் என்று எழுதுங்கள். பொருளும் சரி, ஓசையும் சரி.