8 வயதில் விழுந்த அடி, 34 வயதில் அடைத்த குழாய்

"சிறுநீர் நூல் மாதிரி வருது டாக்டர், மாத்திரைக்கு ஒண்ணும் கேட்கலை" என்று வந்தவருக்கு வயது 34. பல மாதங்களாகப் புராஸ்டேட் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த வயதில் புராஸ்டேட் வீங்கி அடைப்பது அபூர்வம். "எப்போதாவது கால் அகட்டி எது மேலாவது விழுந்ததுண்டா?" என்று கேட்டேன். இல்லை என்று கிளம்பியவர் கதவருகே நின்றார். "எட்டு வயசுல சைக்கிள் பார் மேல விழுந்தேன். ரெண்டு நாள் ரத்தம் வந்துச்சு. அதைக் கேட்கிறீங்களா?"

அதைத்தான் கேட்டேன்.

சிறுநீர் வெளியேறும் குழாயின் உள்ளே தழும்பு விழுந்து, அந்த இடம் இறுகிச் சுருங்குவதைத்தான் ஸ்ட்ரிக்சர் என்கிறோம். பெண்களுக்கு இந்தக் குழாய் சுமார் 4 செ.மீ.தான். ஆண்களுக்கோ 20 செ.மீ. வரை, வளைந்து வளைந்து வருகிறது. விதைப்பைக்குப் பின்னால், சைக்கிள் சீட்டில் அழுந்தும் இடத்தில், அது இடுப்பெலும்பை ஒட்டிப் போகிறது. கால் அகட்டி விழும்போது கம்பிக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்குவது அந்த இடம்தான். காயம் சில நாளில் ஆறிவிடும். தழும்பு மட்டும் வருடக்கணக்கில் மெல்ல இறுகும்.

அடிபட்டால்தான் வரும் என்றில்லை. எப்போதோ போட்ட சிறுநீர் டியூப், புராஸ்டேட் ஆபரேஷனில் உள்ளே நுழைந்த கருவி, இடுப்பெலும்பு முறிவு, சரியாகக் குணப்படுத்தாத கொனோரியா என்ற பால்வினைத் தொற்று, ஆண்குறி முனைத் தோல் வெளுத்து இறுகும் லைக்கன் ஸ்கிளீரோசஸ் என்று காரணங்கள் பல. சிலருக்கு எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது.

மெதுவாக வருவதுதான் இதிலுள்ள சிக்கல். குழாய் கணிசமாகச் சுருங்கும்வரை வேகம் குறைவது தெரியாது. தெரியும்போதும் மனிதர் பழகிக்கொள்வார், முக்கிப் போவார், நேரம் எடுத்துக்கொள்வார். "பக்கத்தில் நின்றவர் முடித்துப் போய்விட்டார், நான் இன்னும் நிற்கிறேன்" என்று ஒருவர் சொன்னார். எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. தாரை இரண்டாகப் பிரிவது, முடித்த பிறகும் சொட்டுவது, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவது, விதை வீங்கி வலிப்பது எல்லாம் இதன் அடையாளங்களாக இருக்கலாம். அப்படியே விட்டால் சிறுநீர்ப்பையில் கல் சேரலாம், சிறுநீரகமும் கெடலாம்.

முதல் பரிசோதனை யூரோஃப்ளோ. ஒரு கருவியில் சிறுநீர் கழித்தால் போதும், அது வேகத்தைக் கோடாக வரையும். வழக்கமாகக் கோடு மலைபோல் ஏறி இறங்கும். ஸ்ட்ரிக்சரில் மேசைபோல் தட்டையாக ஓடும். இளம் ஆணுக்கு உச்ச வேகம் நொடிக்கு 15 மி.லி.க்கு மேல் இருக்க வேண்டும். இவருக்கு 6 தான் இருந்தது. அப்புறம் குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் ஆர்.ஜி.யு. எக்ஸ்ரே. சுருக்கம் எங்கே, எவ்வளவு நீளம் என்பதை அது காட்டும். அந்தப் படத்தைப் பார்க்காமல் நான் சிகிச்சையை முடிவு செய்வதில்லை.

சிகிச்சையில்தான் எனக்கு ஒரு மனக்குறை. கம்பி விட்டு விரிப்பதும், உள்ளே கேமரா வைத்துத் தழும்பைக் கீறிவிடுவதும் எளிது, ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். 2 செ.மீ.க்குக் குறைவான, ஒரே இடத்திலுள்ள முதல் சுருக்கத்துக்கு ஒருமுறை செய்துபார்க்கலாம். திரும்ப அடைத்தால்? மறுபடி கீறுகிறார்கள், பிறகும் கீறுகிறார்கள். ஒவ்வொரு கீறலும் புதுக் காயம், ஒவ்வொரு காயமும் புதுத் தழும்பு. 1 செ.மீ. சுருக்கம் 4 செ.மீ. ஆகி என்னிடம் வந்த கதைகள் உண்டு. மறுபடி அடைத்துவிட்டது என்றால் "யூரெத்ரோபிளாஸ்டி செய்யலாமா?" என்று நீங்களே கேளுங்கள். அதில் சிறிய சுருக்கத்தை வெட்டி எடுத்து நல்ல முனைகளை இணைத்துவிடுவோம். பத்தில் ஒன்பது பேருக்கு இது நிலைக்கும். நீளமான சுருக்கம் என்றால் கன்னத்தின் உட்புறச் சவ்வை எடுத்துக் குழாயை அகலமாக்குவோம். "வாயிலிருந்தா?" என்று முகம் சுளிக்காதவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சவ்வு ஈரத்துக்குப் பழகியது, முடி முளைக்காது, எடுத்த இடமும் சீக்கிரம் ஆறிவிடும்.

அவருக்கு வெட்டி இணைத்தோம். 3 வாரம் டியூபோடு இருந்தார். தாரை இப்போது நன்றாக இருக்கிறது, ஆனாலும் அவ்வப்போது வந்து யூரோஃப்ளோ பார்க்கச் சொல்லியிருக்கிறேன். திரும்ப வரக்கூடிய நோய் இது.

சிறுநீர் முழுவதும் நின்று அடிவயிறு உப்பினால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். கால் அகட்டி விழுந்து ஆண்குறி முனையில் ரத்தம் தெரிந்தாலும் அப்படியே. இரண்டிலும் குழாய் வழியாக டியூபை வலிந்து திணிக்கக் கூடாது. தேவைப்பட்டால் அடிவயிறு வழியாக நேராகச் சிறுநீர்ப்பைக்குள் டியூப் வைக்கலாம். அதேபோல, ஸ்ட்ரிக்சர் இருந்தவர்கள் பின்னால் வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், டியூப் போடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். கதவருகே போய் நினைவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.