சுழலைத் தின்று வளரும் ஓட்டம்

செட்டிநாட்டுக் கல்யாண வீட்டின் பின்கட்டில், பாயச அண்டாவைக் கிளறிக்கொண்டே தேங்காய்ப்பால் ஊற்றுவதைக் கிட்டே நின்று பாருங்கள். துடுப்பு போகும் வழியில் பாயசம் விறுவிறுவென ஓடும். அண்டாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். இரண்டுக்கும் நடுவே மாட்டிய வெள்ளைத் திட்டின் ஒரு முனை முந்த, மறுமுனை பின்தங்க, திட்டு சாய்ந்து நீண்டு நூலாகிவிடும்.

அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுப்பதற்காக, பிளாஸ்மா எனும் மின்னூட்டமுள்ள சூடான வாயுவை அடைத்து வைக்கும் டோக்காமாக் என்ற வளையக் காந்தக் கூண்டுக்குள்ளும் இப்படி ஒரு இழுபறி உண்டு. பெரிய டோக்காமாக்கில் பிளாஸ்மாவின் நடுப்பகுதி 10 கோடி டிகிரியைத் தாண்டும். ஓரம் அவ்வளவு சூடில்லை. இந்த ஏற்றத்தாழ்வு சின்னச் சின்னச் சுழல்களைக் கிளப்ப, அவை வெப்பத்தை வெளியே கடத்துகின்றன. காந்தப்புலத்துக்குக் குறுக்கே மின்புலம் இருந்தால் பிளாஸ்மா இரண்டுக்கும் செங்குத்தாக நகரும். அந்த மின்புலம் அடுக்குக்கு அடுக்கு மாறுவதால் வேகமும் மாறுகிறது. சுழல்கள் நூலாகின்றன, கசிவு குறைகிறது.

சரி, இங்கே துடுப்பு பிடிப்பது யார்? பெரும்பாலும் அந்தச் சுழல்களேதான்! சாய்ந்த சுழல் தன் உந்தத்தை ஓட்டத்துக்குக் கொடுத்துவிட்டு மெலிகிறது. வலுத்த ஓட்டம் மற்ற சுழல்களையும் சாய்க்கிறது. தீனி தீர்ந்ததும், பிளாஸ்மாவில் உள்ள அயனிகளின் (மின்னூட்டமுள்ள அணுக்களின்) மோதலில் ஓட்டம் களைத்துப்போகும். அப்புறம் சுழல்கள் மறுபடி தலைதூக்கும். இதனால்தான் சூடேற்றும் திறனுக்கும் கசிவுக்கும் நேர்க்கணக்கு கிடையாது. நேரியலற்ற நடத்தை என்பது இதுதான். வியாழன் கோளின் பட்டைகளும் இந்த ஓட்டங்களுக்கு ஒருவகையில் பங்காளிதான்.

1982இல் ஜெர்மனியின் கார்ஷிங்கில், ஆஸ்டெக்ஸ் என்ற டோக்காமாக்கில் ஃபிரிட்ஸ் வாக்னர் குழு சூடேற்றும் திறனைக் கூட்டிக்கொண்டே போனது. ஒரு வரம்பைத் தாண்டியதும் பிளாஸ்மா சட்டென்று வேறு நிலைக்குத் தாவி, ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் வெப்பத்தைப் பிடித்து வைத்தது. யாரும் எதிர்பார்த்ததல்ல. ஓரத்தில் வேகம் அடுக்கடுக்காக மாறுவதுதான் தடுப்புச் சுவராக நிற்கிறது என்ற விளக்கம் பிறகுதான் வலுப்பெற்றது.

காரைக்குடிக்காரர்களுக்கு ஆராய்ச்சி என்றாலே ஊரிலுள்ள மத்திய ஆய்வு நிலையமான சிக்ரிதான். ஆனால் அது மின்வேதியியல்; பிளாஸ்மாவைக் கூண்டில் அடைக்கும் ஆதித்யா டோக்காமாக்கைப் பார்க்க காந்திநகர் போக வேண்டும்.

இந்தத் தடுப்புச் சுவரால் ஒரு தலைவலியும் வந்தது. ஓரத்தில் அழுத்தம் குவிந்துகொண்டே போய், அவ்வப்போது வெடித்துக் கிளம்பி உட்சுவரைச் சுடுகிறது. பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் என்ற அணுக்கரு இணைவு உலையில், இந்த வெடிப்புகளை அடக்குவதற்கென்றே தனிக் காந்தச் சுருள்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.