மலைப்பாதையில் மைலேஜ்: இறங்கும்போது காலை எங்கே வைக்கிறீர்கள்?

குன்னூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். சீசன் வந்துவிட்டால் உள்ளூர் வண்டிகளைவிடக் கீழேயிருந்து வரும் வண்டிகள்தான் வாசலில் அதிகம் நிற்கும். அவர்களில் பாதிப் பேருக்குப் புகார் ஒன்றுதான்: "அண்ணே, ஊர்ல பதினெட்டு குடுத்த வண்டி. மேட்டுப்பாளையம் தாண்டினதுல இருந்து பத்து, பதினொண்ணுதான் காட்டுது. இன்ஜெக்டர் போயிருக்குமோ?"

இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் போகவில்லை. வண்டி மலை ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். நடுவில் 1,900 மீட்டர் வித்தியாசம். ஒரு சின்ன காரில் ஐந்து பேர், பெட்டி படுக்கை எல்லாம் சேர்த்து 1,250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் கிட்டத்தட்ட ஆறரை யூனிட் சக்தி வேண்டும். வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் ஒன்பது யூனிட். ஆனால் அதில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் முப்பது சதவீதம்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். மீதியெல்லாம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் காற்றோடு போய்விடும். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டும் இரண்டரையிலிருந்து மூன்று லிட்டர் ஆகும். தரையில் ஓட ஆகும் செலவு தனி.

இந்தச் செலவை எந்தக் கொம்பனாலும் பெரிதாகக் குறைக்க முடியாது. அதனால் ஏறி முடித்ததும் மைலேஜைப் பார்த்துப் பதறாதீர்கள். கீழே டேங்கை நிரப்பிக்கொண்டு, போய்விட்டுத் திரும்பி அதே பங்கில் மறுபடி நிரப்பிப் பாருங்கள். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்ததுதான் உண்மையான மைலேஜ். சரியாக ஓட்டினால் அது சமவெளி மைலேஜுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். அப்படி வரவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு வண்டியில் இல்லை.

ஏற்றத்தில் நம் கையில் இருப்பது இரண்டு விஷயம். முதலாவது கியர். "டாப் கியர்ல போனா பெட்ரோல் மிச்சம்" என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து, வண்டி உதறிக்கொண்டே ஏறுவதைத் தினமும் பார்க்கிறேன். அந்த நிலையில் இன்ஜின் நாக் ஆகும், அதாவது உள்ளே பெட்ரோல் தாறுமாறாக எரிந்து தட்டும். அதைச் சமாளிக்க வண்டியின் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும், பெட்ரோலைக் கூடுதலாகவும் விடும். மிச்சம் என்று நினைத்தது அங்கேயே போய்விடும். அதற்காக ஃபர்ஸ்ட் கியரில் அலறவிட வேண்டும் என்று சொல்லவில்லை. சாதாரண பெட்ரோல் வண்டியில் 2,000, 2,500 ஆர்பிஎம் பக்கம், மிதியில் இன்னும் கொஞ்சம் இடம் மீதம் இருக்கும்படி வண்டி சிரமமில்லாமல் இழுக்கிறதா? அதுதான் அந்த மேட்டுக்கான கியர். பெரும்பாலும் இரண்டு, சில இடங்களில் மூன்று. டர்போ டீசலுக்கு இதைவிடக் கொஞ்சம் குறைந்த ஆர்பிஎம்மே போதும்.

இதில் காற்றின் விஷயமும் இருக்கிறது. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்குப் பலமும் அதே அளவு குறையும். சென்னையில் மூன்றாவது கியரில் ஏறிய மேம்பாலத்தையும் குன்னூர் மேட்டையும் ஒன்றாக நினைத்தால் வண்டி திணறத்தான் செய்யும். இரண்டுக்கு மாற்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பர்லியாறு தாண்டினதும் ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள். சின்ன இன்ஜினுக்கு அதுவே பெரிய நிம்மதி.

இரண்டாவது, வளைவுக்கு முன்னால் காலை எடுப்பது. குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவை தவிர சாதாரண வளைவுகள் எத்தனையோ. சிலர் வளைவு வரை வேகமாக ஏறி, கடைசி நேரத்தில் பிரேக்கை அழுத்தி, திரும்பினதும் மறுபடி விரட்டுவார்கள். 45 கி.மீ வேகத்திலிருந்து 20க்கு இறங்கி மறுபடி 45க்குப் போக, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 10 மில்லி பெட்ரோல் ஆகும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் நூறு வளைவுக்கு ஒரு லிட்டர். ஏற்றத்தில் வேகத்தைக் குறைக்க பிரேக்கே வேண்டாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மலை வண்டியைப் பிடித்துக்கொள்ளும். உள்ளூர் ஜீப் ஓட்டுபவர்கள் ஏறும்போது பின்னால் போய்ப் பாருங்கள், பிரேக் லைட் எரிவதே அபூர்வம்.

எடையைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். ஐம்பது கிலோ லக்கேஜைக் குறைத்தால் ஊட்டி ஏறும்போது மிச்சமாவது சுமார் 100 மில்லிதான். பாட்டியின் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வரும் அளவுக்கு அதில் லாபமில்லை.

சரி, இப்போது இறக்கம். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

போன சீசனில் மரப்பாலம் பக்கத்திலிருந்து ஒரு அழைப்பு. போய்ப் பார்த்தால் வண்டி ஓரமாக நிற்கிறது. முன் சக்கரம் இரண்டிலும் லேசாகப் புகை, நாலடி தள்ளியே கருகல் வாசனை. குடும்பத்தார் இறங்கி மதிலோரம் நிற்கிறார்கள். ஓட்டி வந்த பையனுக்கு முகம் வெளுத்திருந்தது.

"பிரேக் திடீர்னு உள்ள போயிடுச்சுண்ணே. ஹேண்ட் பிரேக்கப் பிடிச்சுத்தான் நிறுத்தினேன்."

"எந்த கியர்ல வந்தீங்க தம்பி?"

"நியூட்ரல்லதான். இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சமாகும்னு..."

கூட இருந்த பெரியவர் தண்ணீர் கேனைத் திறந்து சக்கரத்தில் ஊற்றப் போனார். தடுத்துவிட்டேன். கொதிக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது வளையும், சில சமயம் விரிசலும் விடும். ஒன்றும் செய்யாமல் அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டோம். பெடல் தானாக மேலே வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் பிரேக் ஆயில் கறுத்துப்போயிருந்தது. எத்தனை வருடமாக மாற்றவில்லை என்பது அவர்களுக்கே ஞாபகமில்லை.

அங்கே நடந்தது இதுதான். ஏறும்போது போட்ட ஆறரை யூனிட் சக்தி எங்கும் போய்விடவில்லை, வண்டியோடு மேலேயே இருந்தது. இறங்கும்போது அது எங்காவது வெளியேறியே ஆக வேண்டும். கியரில் இருந்தால் அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இருந்தால் ஏறக்குறைய முழுவதும் பிரேக்கில்தான் சூடாக இறங்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புது டாட் 4 ரக பிரேக் ஆயில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பழைய ஆயில் 155 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். பெடலை மிதித்தால் அந்தக் குமிழ்கள்தான் நசுங்கும், டிஸ்க்கை அழுத்தும் பேட் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது பில்லைக் கூட்ட அல்ல.

இவ்வளவு ஆபத்தையும் எதற்காக ஏற்றுக்கொள்கிறார்கள்? பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கைக்காக. அது மிச்சமாவதே இல்லை என்பதுதான் கொடுமை.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. இரண்டாவது கியரில் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்த சில நொடிகளில் இன்ஜெக்டர் முழுவதுமாக மூடிக்கொள்கிறது. ஒரு சொட்டுகூட உள்ளே போவதில்லை. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. ஆர்பிஎம் ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கும்போதுதான் மறுபடி திறக்கும். இப்போது நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள வேண்டியிருப்பதால் இன்ஜெக்டர் உடனே வேலை செய்யத் தொடங்குகிறது. சின்ன காருக்கே ஐட்லிங்கில் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் ஆகும். ஸ்கேனர் வேண்டாம், டேஷ்போர்டில் உடனடி மைலேஜ் காட்டும் வண்டியாக இருந்தால் நீங்களே பார்க்கலாம். கியரில் இறங்கும்போது எண் உச்சத்தில் போய் நிற்கும். அதை ஓட்டுபவர் பார்க்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துச் சொல்லட்டும்.

பெரியவர்கள் நியூட்ரலில் இறங்கப் பழகியதிலும் ஒரு நியாயம் இருந்தது. இன்ஜெக்டருக்குப் பதில் கார்புரேட்டர் இருந்த பழைய வண்டியில் இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவுக்குப் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்து அம்பாசிடருக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் ஒத்துவந்தது. வண்டி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

இன்ஜினையே நிறுத்திவிட்டு உருளவிடும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இன்ஜின் நின்றால், பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிட இழுவை கிடைக்காது. இரண்டு மூன்று மிதிக்குள் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகும். அந்த நிலையில் கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்ப முடியாது.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பழைய டிரைவர்கள் சொல்லும் இந்த விதியை மிஞ்சி ஒன்றும் நான் கண்டதில்லை. பிரேக்கின் மேலேயே காலை வைத்துத் தேய்த்துக்கொண்டு வராமல், வேகம் கூடும்போது ஒருமுறை நன்றாக அழுத்திக் குறைத்துவிட்டு விடுங்கள், பேட் ஆறட்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள், இறக்கமும் செங்குத்து. அங்கே ஃபர்ஸ்ட் கியர்தான். சுற்றுலா வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடையும் இருக்கிறது. மேப் காட்டுகிறது என்று திரும்பிவிடாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் டி-யில் போட்டுவிட்டு பிரேக்கிலேயே இறங்குகிறார்கள். லீவர் பக்கத்தில் எல், எஸ், 2 என்று ஏதாவது இருக்கும். ஏஎம்டி வண்டியென்றால் மேனுவல் பக்கம் தள்ளி இரண்டில் வைக்கலாம். ஹைபிரிட் வண்டிகளில் பி என்று ஒன்று இருக்கும். அது இறக்கத்துக்கென்றே கொடுத்திருப்பது. மலைக்கு வருவதற்கு முன்பே வண்டியோடு தந்த புத்தகத்தில் அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுங்கள்.

சீசன் நெரிசலுக்கு வருவோம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. ஆனாலும் லீவு நாட்களில் மேட்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கத்தான் செய்கின்றன. அந்த வரிசையில் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் பெட்ரோலையும் எரிக்கிறார்கள், கிளட்ச் பிளேட்டையும் எரிக்கிறார்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நியூட்ரலுக்கு வாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் நகராது என்று தெரிந்தால் இன்ஜினை நிறுத்துங்கள். நிற்கும்போது நிறுத்துவது வேறு, உருளும்போது நிறுத்துவது வேறு. குறுகிய பாதையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். மேட்டில் நின்று மறுபடி கிளம்பும் வண்டிக்குத்தான் பெட்ரோலும் கிளட்ச்சும் அதிகம் செலவாகும் என்பதால், அது வெறும் மரியாதை விஷயம் இல்லை.

டயர் காற்று பற்றி ஒரு வதந்தி உண்டு: "மேலே போனா காத்து கூடிடும், ரெண்டு பாயிண்ட் குறைச்சு வைங்க." பாதி உண்மை. ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் மூன்று பாயிண்ட் வரை கூடத்தான் வேண்டும். ஆனால் குளிரில் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி, கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தும்விடும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவை, காலையில் டயர் சூடாகும் முன் வைத்தால் போதும். குறைத்து வைத்தால் வளைவுகளில் டயரின் வெளி ஓரம் தேயும், மைலேஜும் இறங்கும்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் காலைகளில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு டீ குடிக்கப் போவதும் கார்புரேட்டர் காலத்துப் பழக்கம்தான். அரை நிமிடம் போதும். கண்ணாடி தெளிந்ததும் கிளம்பி, முதல் இரண்டு மூன்று கி.மீ மெதுவாக ஓட்டினால் நின்றுகொண்டே சூடாவதைவிடச் சீக்கிரம் சூடாகும்.

மின்சாரக் கார்களும் இப்போது நிறைய ஏறி வருகின்றன. பைக்காராவில் 1932லிருந்து உயரத்துத் தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். இந்தக் கார்கள் இறக்கத்தில் செய்வதும் அதே வேலைதான். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காருக்கு ஊட்டி ஏற உயரத்துக்கு மட்டும் ஏறக்குறைய 10 யூனிட் ஆகும். 30 யூனிட் பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்கு. கீழே கிளம்பும்போதே அந்தக் கணக்கோடு கிளம்புங்கள். இறங்கும்போது அதில் ஒரு நல்ல பங்கு திரும்பி வரும். ஆனால் அதற்குப் பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். ஊட்டி ஹோட்டலில் இரவெல்லாம் போட்டு நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்க ஆரம்பித்தால், பேட்டரி வாங்கிக்கொள்ளாது. மோட்டார் பிடிப்பதும் குறைந்துவிடும், பாரம் முழுவதும் சாதாரண பிரேக்குக்கு வந்துவிடும். எண்பது, எண்பத்தைந்தில் பிளக்கைக் கழற்றிவிட்டு, இறக்கத்தில் மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும் ரீஜெனை அதிகபட்சத்தில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். நிறைய வண்டிகளில் எத்தனை சதவீதத்தில் சார்ஜ் நிற்க வேண்டும் என்பதை முதல் நாள் இரவே போனில் குறித்து வைத்துவிடலாம்.